தென்றலும் ஆலைச்சங்கும்

திருவண்ணாமலையில் 1924-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாடு கூடியது. ஈரோட்டுப் பெரியார் அதற்குத் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டு காஞ்சிபுரத்தில் கூடிய மாநாட்டின் தலைமை திரு.வி. கலியாணசுந்தரனாருக்கு வாய்த்தது. சட்டசபைக்குள் நுழைவதா, வெளியில் நின்று போராடுவதா என்னும் வழக்கு காங்கிரசை இரு கூறாக்கியிருந்த காலம் அது. சட்டசபைக்குள் இருப்போரால் ஏழைக்கு என்ன நேரும், வெளியில் இருப்போரால் சட்டத்திற்கு என்ன நேரும் என்ற கேள்விக்குத் தமிழகத்தில் ஒருவரின் வாழ்க்கையே விடையாக அமைந்தது என்றால் அவர் திரு.வி.க.வே ஆவார். சட்டம் இயற்றும் அவை எதிலும் அமராத அவர் தலைவராக நின்ற சங்கத்தின் வழக்கு, இந்தியாவின் முதல் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வித்தாயிற்று. அச்சட்டத்திற்குப் பின்வந்த கட்டுப்பாடுகளின் சுமையையும் தம் முதுமையில் அவரே தாங்க நேர்ந்தது.

தமிழ்த் தென்றல் என்னும் பெயரால் அவரை அறிந்தோர் பலர். முருகனை அழகாகவும் பெண்ணைப் பெருமையாகவும் கண்டெழுதிய புலவராகவே இலக்கிய உலகம் அவரைப் போற்றுகிறது. பெரம்பூரின் ஆலைச்சங்கு ஒலித்த தெருக்களில் அவர் கழித்த ஆண்டுகளை அறியாதார்க்கு அவர் நூல்களின் உயிர்நாடியும் முழுமையாகப் புலப்படாது. அவ்வாண்டுகளை மையமாகக் கொண்டு அவர் வாழ்வைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

திரு.வி.க. 1883 ஆகஸ்ட் 26 அன்று அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மாள். முன்னோர் ஊர் திருவாரூர். ஆதலின் அவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்தும் அவர் பெயரோடு நிலைத்தன. இளமையிலேயே கைகால் முடக்கம் கண்டு பள்ளிக் கல்வி இடையில் நின்றது. நோய் நீங்கியபின் சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். அங்கே தமிழாசிரியராக இருந்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளையே அவருக்குத் தமிழின் வாயிலைத் திறந்தவர்.

அருட்பா பற்றிய பூசலில் கதிரைவேற் பிள்ளைமீது வழக்கு நடந்தது. ஆசிரியர்பொருட்டு நீதிமன்றம் சென்ற மாணவர் இறுதித் தேர்வை இழந்தார். தேர்வு பெறாத புலவராகவே அவர் வாழ்நாள் முழுதும் இருந்தார். ஆசிரியர் மறைந்த பின் 1908-இல் அவரது சரித்திரத்தை எழுதி வெளியிட்டதே திரு.வி.க.வின் முதல் நூற்பணி. ஒருவர்பால் கொண்ட அன்பினால் தமக்கு வரும் இழப்பைக் கணக்கிடாத இவ்வியல்பு, பின்னாளில் ஆலைத் தொழிலாளரிடத்தும் வெளிப்பட்டது.

ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகச் சில காலம் பணியாற்றினார். சுதேசி இயக்கத்தின் வேகம் அவ்வேலையில் அவரை நிலைக்கவிடவில்லை. பின்னர் ஆசிரியப் பணி. தாம் பயின்ற வெஸ்லி கல்லூரியிலேயே தமிழாசிரியராக அமர்ந்தார். 1912-இல் கமலாம்பிகையாரை மணந்தார். பிறந்த மக்கள் இருவரும் குழவிப் பருவத்திலேயே மறைந்தனர். 1918-இல் மனைவியாரும் என்புருக்கி நோயால் மறைந்தார். மணவாழ்வு ஆறே ஆண்டுகள். மறுமணம் அவர் கருதவில்லை. அவர் தனிமையுற்ற ஆண்டும், தொழிலாளர் சங்கம் பிறந்த ஆண்டும் ஒன்றே.

இதழும் மேடையும்

1917 டிசம்பரில் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்கக் கல்லூரிப் பணியைத் துறந்தார். அந்நாளில் அரசியல் மேடை ஆங்கிலத்திற்கு உரியதாக இருந்தது. வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் முழங்க, மக்கள் கைதட்டிக் கலைந்தனர். அரசியற் சொற்களுக்குத் தமிழில் வடிவம் தேடி நாள்தோறும் எழுதியவர் திரு.வி.க. அவர் நடை சிறு சிறு வாக்கியங்களால் ஆனது. ஒரு வினா எழும். அதற்கு விடை வரும். விடையிலிருந்து மற்றொரு வினா பிறக்கும். படிப்பறியாத ஆலைத் தொழிலாளியும் கேட்டுத் தொடரத்தக்க நடை அது. மேடைக்கென்று ஒன்றும் ஏட்டுக்கென்று ஒன்றுமாக இருவேறு தமிழ் அவரிடம் இல்லை.

1920 அக்டோபரில் 'நவசக்தி' வார இதழைத் தொடங்கினார். பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி எழுத்துப் பயிற்சி பெற்ற இடங்களுள் ஒன்று அவ்விதழின் அலுவலகமாகும்.

பெரம்பூர், 1918

பின்னி கம்பெனியின் மேற்பார்வையில் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என இரு பெரும் நூலாலைகள் நடந்து வந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் படைக்குத் தேவையான காக்கித் துணி அங்கு நெய்யப்பட்டது. 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி நூலாலை ஆண் தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கலாம். நண்பகல் உணவிற்கு அரைமணி நேரமே விடப்பட்டது. அதற்குள் கைகால் கழுவி, உண்டு, வாயிற்கதவு அடைபடும் முன் திரும்பவேண்டும். போர்க் காலத்தில் அரிசி விலையும் ஏறியது. கூலி அதற்கேற்ப ஏறவில்லை.

ஆலைத் தொழிலாளர் மாலையில் கூடுவதற்கு ஓர் இடம் இருந்தது. அது ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபை. அதனை நடத்தி வந்தோர் கோ. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஆவர். கதை கேட்கவும் பஜனை பாடவும் வந்தவர்கள் தம் குறைகளையும் அங்கே பேசத் தொடங்கினர். சமயச் சொற்பொழிவாளராகப் பெயர் பெற்றிருந்த திரு.வி.க.வை அவர்கள் பேச அழைத்தனர். மேனாட்டுத் தொழிலாளர் சங்கங்கள் எவ்வாறு அமைந்தன, எவற்றைச் சாதித்தன என்று அவர் எடுத்துரைத்தார். சமய மேடையிலிருந்து சங்க மேடைக்கு அவர் வந்த வழி இதுவே.

அன்னி பெசன்ட் அம்மையாரின் உடனுழைப்பாளரான பார்சி அறிஞர் பி.பி. வாடியாவையும் செல்வபதி செட்டியார் அணுகினார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது. முறையாக உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் கொண்டு இந்தியாவில் எழுந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் இதனைக் குறிப்பர். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். செட்டியாரும் நாயுடுவும் செயலாளர்கள். வாடியா ஆங்கிலத்தில் பேசுவார், திரு.வி.க. அதனைத் தமிழாக்குவார். மூலத்தைவிட மொழிபெயர்ப்பே தொழிலாளர் நெஞ்சில் தங்கிற்று என்பதில் வியப்பில்லை. கூலி, வேலைநேரம், சந்தா, ஒற்றுமை என்னும் சொற்கள் அம்மேடையில் புதிய பொருள் பெற்றன. பெரம்பூரைக் கண்டு டிராம் வண்டித் தொழிலாளர், ரிக்‌ஷா இழுப்போர், இரயில்வே பட்டறைத் தொழிலாளர் முதலியோரும் சங்கம் கண்டனர்.

வழக்கும் சட்டமும்

1920-இன் இறுதியில் பக்கிங்காம் ஆலையில் பூசல் மூண்டு நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. அதனோடு அமையாது சென்னை உயர்நீதிமன்றத்தில் வாடியா முதலியோர்மீது வழக்கும் தொடுத்தது. தொழிலாளர் ஆலையோடு செய்துகொண்ட வேலை ஒப்பந்தத்தை முறிக்குமாறு தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. இழப்பீடாகப் பெருந்தொகை கோரப்பட்டது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தொழிலாளரைக் கூட்டிப் பேசுவதே சட்டத்திற்கு மாறாகிவிட்டது.

இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களைக் காக்க 1906-லேயே சட்டம் செய்யப்பட்டிருந்தது. இந்தியாவில் அத்தகைய காப்பு ஒன்றுமில்லை. ஒருவன் தனித்து வேலையை விட்டால் அது அவன் விருப்பம். பலர் கூடிப் பேசி வேலையை நிறுத்தினால் அது சதி. இதுவே அன்றைய நிலை. 1921 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. வழக்கை மீட்டுக்கொள்வதற்கு ஈடாக வாடியா சங்கத்தை விட்டு விலகினார். சங்கத்தின் தலைமை திரு.வி.க.விடம் வந்தது.

பெரம்பூரில் நேர்ந்த இந்நிகழ்ச்சி தில்லியில் எதிரொலித்தது. தொழிலாளர் சார்பில் மத்திய சட்டசபையில் நியமன உறுப்பினராக அமர்ந்திருந்த நா.ம. ஜோஷி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் காக்கவும் சட்டம் வேண்டுமென 1921 மார்ச்சில் தீர்மானம் கொணர்ந்தார். அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் மசோதா உருப்பெற்றுச் சட்டமாக ஐந்தாண்டுகள் சென்றன. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் கொடுத்ததும் உண்டு; கட்டியதும் உண்டு. பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகள்மீது குற்றச் சதி வழக்கோ, ஒப்பந்த முறிவைத் தூண்டியதாக உரிமையியல் வழக்கோ தொடுக்க இயலாது என்பது அதன் கொடை. நிர்வாகிகளுள் பாதிக்குக் குறையாதோர் அத்தொழிலில் உள்ளவராகவே இருத்தல் வேண்டும் என்பதும், அரசியற் செலவிற்குத் தனி நிதி வைத்தல் வேண்டும் என்பதும் அதன் கட்டுகள். வாடியாவும் திரு.வி.க.வும் போன்ற வெளியார் சங்கங்களை வழிநடத்துவது ஆள்வோர்க்கு உவப்பாக இல்லை என்பதை இவ்விதி காட்டும். ஆனால் எழுதப் படிக்க அறியாத தொழிலாளியைப் பழிவாங்கலுக்கு அஞ்சாமல் பேசச் செய்ய வெளியார் துணை அன்று இன்றியமையாததாக இருந்தது.

புளியந்தோப்பின் நெருப்பு

திரு.வி.க.வின் தொழிலாளர் வாழ்வில் துன்பம் மிகுந்த ஆண்டு 1921. அவ்வாண்டு மே மாதம் கர்நாடிக் ஆலையில் மூண்ட பூசல், ஜூனில் பக்கிங்காம் ஆலைக்கும் பரவிப் பெரும் வேலைநிறுத்தமாயிற்று. சாதி இந்துத் தொழிலாளரும் இஸ்லாமியத் தொழிலாளரும் ஆலைக்கு வெளியே நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். கையில் சேமிப்பு ஏதுமின்றி நாட்கூலியால் வாழ்ந்தோர் அவர்கள். முன் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களில் பட்ட பசியையும் அவர்கள் மறக்கவில்லை. ஆலைக்குள் ஒரே கூரையின்கீழ் உழைத்தாலும் ஆலைக்கு வெளியே சேரியும் ஊரும் வேறு வேறாகவே இருந்தன. சங்கம் கூலியைப் பற்றிப் பேசியது. கிணற்றைப் பற்றிப் பேசவில்லை.

பகை முற்றிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று காவலர் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். கவர்னர் வில்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்தப்படக்கூடும் என்று எச்சரித்தார். நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியார் குறுக்கிட்டமையால் அது நிகழவில்லை. கட்சியால் வேறுபட்ட ஒருவர், தொழிலாளர் தலைவர் ஒருவருக்காக அரசோடு வழக்காடிய பெருந்தன்மை அக்கால அரசியலின் ஒளிமிக்க பக்கம்.

அதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தாழ்த்தப்பட்ட மக்களின் நலனுக்காக அரசு ஏற்படுத்தியிருந்த தொழில் துறை, ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டி வேலைநிறுத்தத்தை உடைக்கிறது என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குற்றம் சாட்டினர். சேரிகளுக்கு மனையும் பள்ளியும் கிணறும் அளித்துவந்த துறை அது. சட்டமன்றத்தில் ஆதிதிராவிடரின் குரலாய் அமர்ந்திருந்த எம்.சி. ராஜா தம் மக்களின் சார்பில் நின்றார். 1923-இல் அக்கட்சியை விட்டே விலகினார். வேலைநிறுத்த உரிமையும் ஏழைக்கு அரசு செய்யும் நலப்பணியும் ஒரே கூட்டத்தார்க்கு உரிய இரு கைகள். அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளுமாறு நேர்ந்தது 1921-இன் துயரம். வேலைநிறுத்தம் அக்டோபர் மாதம் தோல்வியில் முடிந்தது. சங்கம் நெடுநாள் தளர்ந்து கிடந்தது.

திரு.வி.க. சாதி வேற்றுமையை வெறுத்தவர். சமரச சன்மார்க்கத்தை நாளும் பேசியவர். எனினும் அவர் தலைமை ஏற்ற சங்கத்தால் அப்பிளவை அடைக்க இயலவில்லை. அவரைப் போற்றுவோர் இதனை மறைக்க வேண்டுவதில்லை. பேச்சினால் மட்டும் தீராத பிணி அது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

காஞ்சியும் பிரிவும்

1925 நவம்பரில் காஞ்சிபுர மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவர முயன்றார். தலைவராக இருந்த திரு.வி.க. அதனை அனுமதிக்கவில்லை. பெரியார் வெளியேறினார்; தமிழக அரசியல் வேறு திசையில் திரும்பியது. முந்தைய ஆண்டு திருவண்ணாமலையில் தலைவராக இருந்தவர்க்கு அடுத்த ஆண்டு காஞ்சியில் இடமில்லாமற் போயிற்று. அன்றைய முடிவு சரியா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. இருவர் நட்பும் அதனால் முறியவில்லை என்பதே போற்றத்தக்கது. நாளடைவில் திரு.வி.க.வும் காங்கிரசிலிருந்து ஒதுங்கினார். காந்தியடிகளிடம் அவர் கொண்ட பற்று ஒதுங்கவில்லை. மார்க்ஸைக் கற்றபோதும் அது குறையவில்லை. இரண்டையும் பொதுமை என்னும் ஒரே நூலில் கோக்க முயன்றார். 'பெண்ணின் பெருமை' 1927-இல் வெளிவந்தது.

உரிமைக்குப் பூட்டு

தொழிற்சங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டே நாடெங்கும் பெரும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. பம்பாய் நூலாலைகள் நின்றன. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வே தொழிலாளர் வேலையை நிறுத்தினர். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் பாதையும் அக்கம்பெனிக்கு உரியதே. அப்போராட்டத்திற்காகச் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் தம் முதுமையில் சிறை புகுந்தார்.

அரசு விரைந்து செயற்பட்டது. தொழிற்சங்கங்களைக் காக்கும் சட்டத்திற்கு ஐந்தாண்டு எடுத்துக்கொண்ட அதே மத்திய சட்டசபையில், வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதா சில மாதங்களில் நிறைவேறியது. இரயில், தபால், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுத் துறைகளில் பதினான்கு நாள் முன்னறிவிப்பு இன்றி வேலையை நிறுத்துதல் குற்றமாயிற்று. தம் தொழிலின் பூசலைக் கடந்து, அரசை நெருக்கும் நோக்கத்தோடு செய்யும் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாயிற்று. பிற ஆலைத் தோழர்க்காகத் தாமும் வேலையை நிறுத்தும் அனுதாப வேலைநிறுத்தமே இதன் இலக்கு. 1929 ஏப்ரல் 8 அன்று அம்மசோதா நிறைவேறிய அவையில்தான் பகத்சிங்கும் படுகேஸ்வர தத்தும் குண்டு வீசினர். வெடியோசையை வரலாறு நினைவில் வைத்துள்ளது. அன்று நிறைவேறிய மசோதாவின் பெயரைப் பெரும்பாலோர் மறந்தனர்.

அந்நிய ஆட்சி போனால் இந்நிலை மாறும் என்று தொழிலாளர் நம்பினர். 1938-இல் பம்பாய் மாகாணத்துக் காங்கிரஸ் அரசு கொணர்ந்த தொழில் தகராறு மசோதாவும் சமரச நடைமுறை முடியும்வரை வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. அண்ணல் அம்பேத்கர் சட்டமன்றத்தில் அதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்க மறுக்கும் உரிமையைப் பறித்தால் மனிதன் அடிமையாகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். நூலாலைகளின் நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோர் நுழையவிடப்படாத அநீதியைச் சுட்டிக் காட்டி, முன்னர் வேலைநிறுத்தத் தலைவர்களோடு மாறுபட்டவரும் அவரே. 1921-இல் புளியந்தோப்பில் பிரிந்துபோன இரு நியாயங்களும் அவருடைய வாதத்தில் ஒன்றாக நின்றன.

வீட்டுச் சிறை

1947-ஆம் ஆண்டு. இடைக்கால அரசில் தொழில் பொறுப்பை ஏற்றிருந்தவர் ஜகஜீவன் ராம். அவர் காலத்தில் இயற்றப்பட்ட தொழில் தகராறு சட்டம் ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பூசலைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்பும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. தீர்ப்பாயத்தின்முன் வழக்கு இருக்கும்வரை வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்டது. ஆட்குறைப்பிலும் கூலியிலும் நீதி கேட்க ஒரு வாயில் திறந்தது. அவ்வாயிலில் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது என்று அச்சட்டம் சொல்லவில்லை. அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது அமைதி காப்புச் சட்டம் ஒன்றும் செய்யப்பட்டது. விசாரணையின்றி ஒருவரைக் காவலில் வைக்க அது இடந்தந்தது.

பெரம்பூர் ஆலைகளில் அவ்வாண்டு மீண்டும் நெடிய வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்தின் தலைமை அப்போது எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளையிடம் இருந்தது. திரு.வி.க.வுக்கு வயது அறுபத்து மூன்று. உடல் தளர்ந்திருந்தது, கண்ணொளி மங்கி வந்தது. எனினும் தம் சங்கம் போராடும்போது அவர் ஒதுங்கி நிற்கவில்லை. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு அவரை வீட்டுக் காவலில் வைத்தது.

ஓமந்தூரார் தூய வாழ்வினர். இரமண மகரிஷியிடமும் வள்ளலாரிடமும் ஈடுபாடு கொண்டவர். திரு.வி.க.வும் சன்மார்க்க நெறியினர். ஒரே கட்சியில் வளர்ந்தவர். ஒரே விடுதலைக்கு உழைத்தவர். வில்லிங்டன் மிரட்டியதோடு விட்டதை, சொந்த நாட்டார் அரசு செய்து முடித்தது. இதில் தனி மனிதர் எவரையும் பழிப்பதற்கில்லை. ஆட்சியில் அமர்ந்தவர் கண்ணுக்கு ஓடும் ஆலை அமைதியாகவும், நின்ற ஆலை குழப்பமாகவும் தோன்றுவது இயல்பு. ஆலைக்குள் நிற்பவனுக்கோ ஓடும் ஆலையில்தான் குழப்பம். நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், விடுதலைக்குத் தமிழ் மேடையைத் தந்த முதியவர் தம் வீட்டு வாயிலைக் கடக்க இயலாதிருந்தார்.

இருளில் பிறந்த நூல்கள்

இறுதி ஆண்டுகளில் பார்வை முற்றும் அகன்றது. எழுத்தையே உயிராகக் கொண்டவர் தம் கையால் எழுத இயலாது போயிற்று. அவர் சோர்ந்தாரல்லர். தாம் சொல்லப் பிறர் எழுதினர். 'இருளில் ஒளி', 'முதுமை உளறல்', 'படுக்கைப் பிதற்றல்' என்று அந்நூல்களுக்கு அவர் இட்ட பெயர்களே போதும், தம் நிலையை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக இரங்கவுமில்லை என்பது விளங்க. அதற்கு முன் 1944-இல் வெளிவந்த 'திரு.வி.க. வாழ்க்கைக் குறிப்புகள்' தமிழில் எழுந்த தன்வரலாறுகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று. பெரம்பூர்ப் போராட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் அந்நூலை நாடாமல் இருக்க முடியாது.

1953 செப்டம்பர் 17 அன்று திரு.வி.க. மறைந்தார். பொருள் சேர்த்தாரல்லர், பதவி கண்டாரல்லர். அவர் விட்டுச் சென்றவை நூல்களும், ஒரு சங்கமும் மட்டுமே.

இன்றைய நிலை

அவர் காலத்திலும் அதற்குப் பின்னும் உழைப்பவரின் வாழ்வில் வந்த நன்மைகள் சிறியன அல்ல. பன்னிரண்டு மணி நேரம் எட்டாகக் குறைந்தது. ஈட்டுறுதி மருத்துவமும் வைப்பு நிதியும் ஓய்வூதியமும் சட்டத்தால் வந்தன. எனினும் கொடுப்பதும் கட்டுவதுமாகிய பழைய முறை மாறவில்லை. தமிழகத்தில் 2003-இல் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் ஜூலை மாதம் வேலையை நிறுத்தினர். இன்றியமையாப் பணிகள் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1.7 இலட்சம் பேர் பணியிழந்தனர். வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு அடிப்படை உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று கூறியது. பின்னர் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர்.

2020 செப்டம்பரில் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்க்கட்சி இருக்கைகள் வெறுமையாக இருந்தன. 1929-இல் பொதுப் பயன்பாட்டுத் துறைகளுக்கென விதித்த பதினான்கு நாள் முன்னறிவிப்பை எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அது விரித்தது. 1929-இல் அந்நிய ஆட்சியின்கீழ்கூட எதிர்த்துப் பேச அவையில் ஆள் இருந்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் மசோதா நிறைவேறியது. வெளியில் எழுந்த எதிர்ப்பால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அவைக்கு வெளியே நிற்போரின் குரலுக்கு இன்னும் வலிமை உண்டு என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

பெரம்பூரின் ஆலைகள் மூடப்பட்டு நெடுநாளாயிற்று. கோயில் நகராம் திருவண்ணாமலையில் ஆலைச்சங்கு பெரிதாக ஒலித்ததில்லை. ஆயினும் இம்மாவட்டத்து ஆரணியில் பட்டுத் தறிகள் இயங்குகின்றன. செய்யாற்றுத் தொழிற்பேட்டையின் காலணி ஆலைகளுக்கு விடியுமுன் சிற்றூர்களிலிருந்து பெண்கள் பேருந்தேறுகின்றனர். நண்பகல் உணவிற்கு எவ்வளவு நேரம் என்ற கேள்வி அவர்களுக்கும் உண்டு. அக்கேள்வியை 1918-இல் தமிழில் மேடையேற்றியவர் ஒரு தமிழாசிரியர். கவிதையும் சங்கமும் அவருக்கு இரு வேறு தொழில்களாக இருந்ததில்லை. பாட்டெழுதுவோர் அவரை நினைத்துக்கொள்ள வேண்டிய இடம் அதுவே.